பத்திரிகையில் சண்டை போட்ட கவர்னர்

வீட்டுக்குள் நடக்கிற சண்டை வீதிக்கு வந்தால் ஊர் கூடி வேடிக்கை பார்க்கும். கோட்டைக்குள் நடக்கிற சண்டை வீதிக்கு வந்தால்?

1860-ஆம் ஆண்டு சென்னையில் அதுதான் நடந்தது. சென்னை ராஜதானியின் கவர்னர், கல்கத்தாவில் இருந்த பெரிய சர்க்காரோடு தகராறு செய்தார். ரகசியக் கடிதத்தில் இருந்திருக்க வேண்டிய தகராறு, பத்திரிகையில் அச்சாகி வெளிவந்தது. கவர்னரே அதை வெளியிட்டார்!

அந்தக் கவர்னரின் பெயர் சர் சார்லஸ் டிரெவெல்யன்.

அவருடைய பதவி போயிற்று. மூட்டை கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி கப்பல் ஏறவில்லை. அது இன்றும் இங்கேயே இருக்கிறது.

மேலிடம் செய்வது தப்பு என்று ஓர் அதிகாரிக்குத் தோன்றினால் அவர் என்ன செய்ய வேண்டும்? வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? ஊருக்குச் சொல்ல வேண்டுமா?

யார் இந்த டிரெவெல்யன்?

டிரெவெல்யன் 1807-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் சேர்ந்து, இருபது வயதில் டில்லிக்கு வந்தார்.

அங்கே அவருடைய மேலதிகாரி கோல்புரூக் என்பவர். செல்வாக்கு மிக்கவர். அவர் லஞ்சம் வாங்குகிறார் என்று டிரெவெல்யனுக்குத் தெரிய வந்தது. இளைஞர் சும்மா இருக்கவில்லை. மேலிடத்துக்கு எழுத்து மூலமாகப் புகார் செய்தார். விசாரணை நடந்தது. புகார் உண்மை என்று ருசுவாயிற்று. 1829-இல் கோல்புரூக் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

அப்போது டிரெவெல்யனுக்கு வயது 22. இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முறையான வழியில் போயே ஒரு பெரிய மனிதரை வீழ்த்திக் காட்டியவர் அவர்.

பிறகு மெக்காலேயின் தங்கையை மணந்தார். லண்டன் திரும்பி, கஜானா இலாகாவில் 1840 முதல் 1859 வரை பெரிய உத்தியோகம் பார்த்தார். இங்கிலாந்தில் உத்தியோகங்களுக்குச் சிபாரிசில் ஆள் எடுக்காமல் பரீட்சை வைத்து எடுக்க வேண்டும் என்று 1854-இல் அறிக்கை தந்த இருவரில் அவர் ஒருவர்.

அவர் வாழ்க்கையில் கறுப்புப் பக்கமும் உண்டு. 1845-இல் அயர்லாந்தில் பஞ்சம் தொடங்கியது. உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் போயிற்று. சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். நிவாரணப் பணத்தின் சாவி டிரெவெல்யன் கையில் இருந்தது. அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார் என்று ஐரிஷ் மக்கள் இன்றும் சொல்லுகிறார்கள். ஆகவே அவரை மகாத்மாவாக நினைத்துவிட வேண்டாம்.

புனைபெயர் ஆசை

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கை சும்மா இராது. பத்திரிகைக்கு எழுதும்!

1843-இல் அவர் அயர்லாந்து போய்வந்தார். கண்டதை மந்திரிகளிடம் அந்தரங்கமாகச் சொன்னார். சொன்னதோடு விட்டாரா? அதையே புனைபெயரில் ஒரு லண்டன் பத்திரிகைக்கும் எழுதிவிட்டார். "சத்தியப் பிரியன்" என்று பொருள்படும் கிரேக்கப் பெயர் அது. பிரதம மந்திரி ராபர்ட் பீலுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் வேலை தப்பியது.

1857-இல் வட இந்தியாவில் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தார்கள். அப்போதும் டிரெவெல்யன் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். இந்தத் தடவை புனைபெயர், "இந்தியப் பிரியன்" என்று பொருள்படுவது.

இப்படிப்பட்டவர் 1859 மார்ச்சு மாதம் சென்னைக் கவர்னராக வந்து இறங்கினார்.

வந்த வேகத்தில் காரியங்களைத் தொடங்கினார். நகரத்தின் நெரிசலுக்கு நடுவே மக்கள் காற்று வாங்க 116 ஏக்கரில் 'பீப்பிள்ஸ் பார்க்' என்ற பெரிய பூங்காவுக்கு ஏற்பாடு செய்தார். சென்னையில் 'பார்க் டவுன்' என்று சொல்லுகிறோமே, அந்தப் பார்க் இதுதான். பிற்காலத்தில் விக்டோரியா பப்ளிக் ஹாலும், ரிப்பன் கட்டடமும், மூர் மார்க்கெட்டும் அந்தப் பூங்கா நிலத்தில்தான் எழுந்தன.

காலியான கஜானா

1857 கிளர்ச்சியை அடக்க வெள்ளையர் சர்க்கார் தண்ணீராகப் பணத்தைச் செலவழித்தது. இந்தியாவின் கடன் ஏறத்தாழ 4 கோடி பவுன் கூடியது. வரவுக்கும் செலவுக்கும் எட்டவில்லை.

"கணக்குத் தெரிந்த ஒரு கெட்டிக்காரரை அனுப்புங்கள்" என்று லண்டனில் ஆள் தேடினார்கள். அகப்பட்டவர் ஜேம்ஸ் வில்சன்.

வில்சன் தொப்பி வியாபாரத்தில் தொடங்கி உயர்ந்தவர். 'எக்கனாமிஸ்ட்' பத்திரிகையை 1843-இல் ஆரம்பித்தவர். 'சார்ட்டர்டு பாங்க்' ஏற்படக் காரணமாக இருந்தவரும் அவரே. 1859 கடைசியில் கல்கத்தாவுக்கு வந்து, கவர்னர் ஜெனரல் கானிங் பிரபுவின் சபையில் நிதி மெம்பராக அமர்ந்தார்.

இன்னொரு விசேஷமும் உண்டு. வில்சனும் டிரெவெல்யனும் லண்டன் கஜானா இலாகாவில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். ஒருவர் குணம் மற்றவருக்கு நன்றாகத் தெரியும். பழைய ஆபீசு ஆட்கள் இரண்டு பேர், ஆறாயிரம் மைலுக்கு அப்பால் எதிரும் புதிருமாக வந்து உட்கார்ந்தார்கள்!

1860 பிப்ரவரி 18-ஆம் தேதி வில்சன் பட்ஜெட்டைப் படித்தார். மூன்று புது வரிகளைச் சொன்னார். தொழில் செய்வோருக்கு லைசென்சு வரி. புகையிலை வரி. மூன்றாவது, இந்தியா அதுவரை கேள்விப்படாத வருமான வரி.

வருஷத்தில் 200 ரூபாய்க்குக் குறைவாகச் சம்பாதிப்பவருக்கு வருமான வரி கிடையாது. 200 முதல் 500 வரை சம்பாதிப்பவர் நூற்றுக்கு 2 ரூபாய் கட்ட வேண்டும். அதற்கு மேல் நூற்றுக்கு 4 ரூபாய்.

ராஜா வரி வாங்குவது சாஸ்திரத்திலேயே இருக்கிறது என்று காட்ட, வில்சன் தம் பேச்சில் மனுவைக்கூடத் துணைக்கு அழைத்தார். வெள்ளைக்காரத் துரை வரி போட மனு சாட்சி!

சென்னை சொன்ன மறுப்பு

சென்னைக் கோட்டையில் டிரெவெல்யன் இதைப் படித்தார். அவருக்குப் பிடிக்கவில்லை. 1860 மார்ச்சு 20-ஆம் தேதியிட்டுக் கல்கத்தாவுக்கு மறுப்பு எழுதினார். அவருடைய சபையினரும் தம் எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள்.

அவர் சொன்ன நியாயம் இதுதான். வரவு போதவில்லை என்றால் முதலில் செலவைக் குறைக்க வேண்டும். படைச் செலவு மலைபோல் இருக்கிறது. அதை வெட்டினாலே கணக்கு நேராகிவிடும். இங்கிலாந்தில் பழகிப்போன ஒரு வரியை இந்தியாவில் கொண்டுவந்து திணித்தால் மக்கள் கொதிப்பார்கள். ஒவ்வொருவன் வீட்டுக் கணக்கையும் குடைந்து பார்க்க வேண்டிவரும்.

இதில் உண்மை இருந்ததா? இருந்தது.

சென்னை ராஜதானியில் நில வரி வசூல் எப்படி நடந்தது என்பதற்குச் சர்க்காரின் சொந்த அறிக்கையே சாட்சி. வரி பாக்கிக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகார் கிளம்பி, விசாரணைக் கமிஷன் ஏற்பட்டது. 1855-இல் வந்த கமிஷன் அறிக்கை, புகார் மெய்தான் என்று ஒப்புக்கொண்டது. அந்தக் கைகளிலேயே இன்னொரு வரியின் கணக்குப் புத்தகத்தையும் கொடுப்பது என்றால் மக்களுக்குப் பயம் வராதா?

அதோடு, 1857-இல் சென்னை ராஜதானியில் பெருங் கலகம் மூளவில்லை. வடக்கே பற்றிய தீக்குத் தெற்கே தண்டம் கட்டுவானேன் என்று கேட்க யாருக்கும் தோன்றும்.

ஆனால் சென்னை என்ன சொன்னாலும் எடுபடாத காலம் அது. 1833 சட்டத்தின்படி சட்டம் செய்யும் அதிகாரம் முழுவதும் கல்கத்தாவுக்குப் போய்விட்டது. பணப் பெட்டியின் சாவியும் அங்கேதான். சென்னைக் கவர்னர் பேருக்குத்தான் பெரிய துரை.

அச்சில் ஏறிய ரகசியம்

மறுப்பை எழுதி அனுப்பியதோடு டிரெவெல்யன் நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. யாரோ ஒரு குமாஸ்தா அதைக் கட்டி அலமாரியில் வைத்திருப்பார். கரையான் அரித்திருக்கும்.

டிரெவெல்யன் காத்திருக்கவில்லை. காலம் கடந்தால் சட்டம் நிறைவேறிவிடும் என்று நினைத்தார். தம் பொறுப்பில் அந்தத் தஸ்தாவேஜைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார். இந்தத் தடவை புனைபெயர் இல்லை. கவர்னர் சொந்தப் பெயரிலேயே சந்திக்கு வந்தார்.

பட்டணம் அல்லோலகல்லோலப்பட்டது. "பெரிய சர்க்கார் போடும் வரி தப்பு" என்று ஒரு கவர்னரே சொல்லுகிறார்! இதைவிட வேறென்ன செய்தி வேண்டும்?

கானிங் பிரபு அதிர்ந்தார். வில்சனுக்குக் கோபம் பொங்கியது. கடிதங்கள் லண்டனுக்குப் பறந்தன.

1860 மே மாதம் இந்தியா மந்திரி சர் சார்லஸ் உட் முடிவைச் சொன்னார். டிரெவெல்யன் திரும்பி வர வேண்டும்.

பார்லிமெண்டில் உட் பேசிய தோரணை கவனிக்கத் தக்கது. டிரெவெல்யனை அவர் திட்டவில்லை. நேர்மையானவர், ஊக்கம் மிக்கவர், அவரை இழப்பது இந்தியாவுக்கு நஷ்டம் என்றார். ஆனாலும் அவர் அங்கே இருப்பது ஆபத்து, மேல் சர்க்காருக்கு எதிராக மக்களைத் தூண்டிவிடுகிற காரியத்தை அவர் செய்துவிட்டார் என்று முடித்தார். பிரதம மந்திரி பாமர்ஸ்டனும், இந்த ஒரு குற்றத்துக்காக அவருடைய நற்குணங்கள் மறைந்துபோக மாட்டா என்று சொல்லி வைத்தார்.

பாராட்டு மாலை போட்டார்கள். வாசலையும் காட்டினார்கள். ஜூன் மாதம் டிரெவெல்யனின் பதவிக் காலம் முடிந்தது. அவர் கவர்னராக இருந்தது 14 மாதம்.

செய்தது சரியா?

அவர் சொன்னது சரியா, செய்தது சரியா என்பவை வேறு வேறு கேள்விகள். இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

சொன்னதில் பெரும் பகுதி சரி. செலவைக் குறைக்காமல் வரியைக் கூட்டுவது எந்தக் குடும்பத் தலைவனும் ஒப்புக்கொள்ளாத நியாயம். பிற்பாடு சர்க்கார் படைச் செலவைக் குறைக்கவும் செய்தது. அதனால் வரவு செலவும் சீர்பட்டது.

ஆனால் செய்தது சரியல்ல. ஏன்?

அந்த வரியைச் சென்னை ராஜதானியில் வசூலிக்க வேண்டியவர் யார்? கவர்னரின் கீழே உள்ள கலெக்டர். கலெக்டரின் கீழே உள்ள தாசில்தார். அதற்கும் கீழே ஊர்க் கணக்குப்பிள்ளை. "இந்த வரி அநியாயம்" என்று கவர்னர் பத்திரிகையில் எழுதிவிட்டு, மறு மாதமே "போய் வசூல் செய்யுங்கள்" என்று எப்படி உத்தரவு போடுவார்? கட்ட மறுக்கிற ஒரு கடைக்காரரைத் தாசில்தார் என்ன சொல்லி மிரட்டுவார்? "உங்கள் பெரிய துரையே வேண்டாம் என்கிறாரே" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டால் பதில் உண்டா?

கவர்னர் கௌரவமாகத் தப்பித்துக்கொள்வார். அடிபடுகிறவர் கடைக்காரர். இடையில் நசுங்குகிறவர் தாசில்தார்.

அப்படியானால் டிரெவெல்யன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. ராஜினாமாக் கடிதத்தை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மறுப்புக் கடிதத்தை இன்னொரு கையில் எடுத்திருக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் வெளியிட்டிருக்கலாம். அப்போது அவர் வார்த்தைக்கு இன்னும் பத்து மடங்கு பலம் வந்திருக்கும். தியாகம் செய்து பேசுகிறவன் பேச்சு ஊரில் எடுபடும்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்த நாற்காலியின் காலை அறுத்தார். அதுதான் தவறு.

22 வயதில் டில்லியில் விசாரணை கேட்டு வென்ற அதே மனிதர், 53 வயதில் சென்னையில் பத்திரிகையை நாடித் தோற்றார். டில்லியில் அவர் புகாரை விசாரிக்க ஆள் இருந்தது. கல்கத்தாவில் கேட்கக் காது இல்லை. குற்றத்தில் பாதி அந்தச் செவிட்டுச் சபைக்கும் உரியது.

மூன்றாவது ஆள் எங்கே?

இந்தச் சண்டையில் ஒரு பக்கம் டிரெவெல்யன். மறு பக்கம் வில்சனும் கானிங்கும். தீர்ப்புச் சொன்னவர் உட். நான்கு பேரும் வெள்ளைக்காரர்கள்.

வரி கட்ட வேண்டியவன் எங்கே?

கல்கத்தாச் சட்ட சபையில் 1860-இல் ஓர் இந்தியர் கூடக் கிடையாது. முதல் இந்தியர்கள் அதில் உட்கார்ந்தது 1862-இல்தான். அவர்களும் ராஜாக்கள், திவான்கள். ஒரு துணி வியாபாரியோ, ஓர் ஆசிரியரோ, ஒரு விவசாயியோ அந்தக் கட்டடத்தின் படியை மிதித்ததில்லை.

சென்னையில் பேசத் தெரிந்தவர்கள் இல்லாமலும் இல்லை. காசுலு லட்சுமிநரசு செட்டியார் இருந்தார். 'கிரசெண்ட்' என்ற பத்திரிகையை நடத்தியவர் அவர். 1852-இல் சென்னை மக்கள் சங்கத்தை ஏற்படுத்தி, குடியானவர்கள் படும் பாட்டைப் பார்லிமெண்டுக்கு மனுவாக எழுதியவர். சித்திரவதைக் கமிஷன் ஏற்பட்டதில் அவர் முயற்சிக்குப் பெரும் பங்கு உண்டு.

அப்படிப்பட்டவர் நகரத்திலேயே இருந்தார். வரி போடுமுன் அவரைப் போன்றவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டிருக்கலாம். அதற்கு வழியே வைக்கவில்லை.

சண்டை வீதிக்கு வந்ததில் மக்களுக்கு ஒரு லாபம் உண்டு. கோட்டைக்குள் இரண்டு கருத்து இருக்கிறது என்பது தெரிந்தது. "சர்க்கார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்ற மாயை உடைந்தது. ஒரு வரியைப் பற்றித் தர்க்கம் செய்யலாம் என்ற பாடத்தைக் கவர்னரே நடத்திக் காட்டிவிட்டார்!

ஆனால் அந்த லாபம் தற்செயலாகக் கிடைத்தது. எஜமானர்கள் சண்டை போட்டபோது ஜன்னல் திறந்துகொண்டது. சண்டை ஓய்ந்ததும் ஜன்னல் மூடிக்கொண்டது. ஜன்னலைத் திறந்து வைக்கும் உரிமை மக்கள் கைக்கு வர மேலும் எத்தனையோ ஆண்டுகள் பிடித்தன. மக்கள் தரப்பைப் பேச 'ஹிந்து' 1878-இல் வந்தது. தமிழில் 'சுதேசமித்திரன்' 1882-இல் வந்தது.

இவர் ஒருவர்தானா?

பத்திரிகையைக் கேடயமாகவும் ஈட்டியாகவும் பிடித்த வெள்ளை அதிகாரிகள் இன்னும் பலர்.

1843-இல் சர் சார்லஸ் நேப்பியர் சிந்து தேசத்தைப் பிடித்தார். அது அநியாயம் என்று கருதினார் ஜேம்ஸ் அவுட்ராம் என்ற அதிகாரி. இருவருக்கும் மூண்ட பகை பம்பாய்ப் பத்திரிகைகளில் வருஷக் கணக்கில் புகைந்தது. நேப்பியரின் தம்பி புத்தகம் எழுதினார். அவுட்ராம் பதில் புத்தகம் எழுதினார். நாட்டை இழந்த சிந்து அமீர்கள் நாடு கடத்தப்பட்டுக் கிடந்தார்கள். புத்தகங்களால் அவர்கள் நாடு திரும்பி வரவில்லை.

1905-இல் வைஸ்ராய் கர்சனும் சேனாதிபதி கிச்சனரும் மோதிக்கொண்டார்கள். படையின் நிர்வாகம் யார் கையில் இருப்பது என்பது தகராறு. கிச்சனர் லண்டன் சிநேகிதர்கள் மூலம் பத்திரிகைகளில் தம் கட்சியைப் பரப்பினார். கர்சன் ராஜினாமா செய்தார். இரு தரப்புக் கடிதங்களும் அச்சில் வந்து நாறின.

அதே 1905-இல்தான் கர்சன் வங்காளத்தை இரண்டாக வெட்டினார். வங்காள மக்கள் வேண்டாம் வேண்டாம் என்று கதறினார்கள். அந்தக் குரல் கர்சன் காதில் ஏறவில்லை. தம் குரலைக் கிச்சனர் அமுக்குகிறார் என்று அவரே அழுதார். காலம் சில சமயம் கைமேல் கூலி கொடுக்கிறது.

இந்தச் சண்டைகளில் எல்லாம் ஓர் ஒற்றுமை உண்டு. சண்டை போட்டவர்களுக்குப் பத்திரிகை இருந்தது, புத்தகம் இருந்தது, பார்லிமெண்டில் நண்பர்கள் இருந்தார்கள். சண்டைக்குக் காரணமான ஜனங்களுக்கு எதுவும் இல்லை.

விதியின் விளையாட்டு

சென்னைக் கதையின் முடிவு சினிமாக் கதையை மிஞ்சும்.

டிரெவெல்யனுக்குப் பதிலாகச் சர் ஹென்றி வார்டு கவர்னராக வந்தார். இலங்கையில் கவர்னராக இருந்தவர் அவர். கொழும்பில் 'வார்டு பிளேஸ்' என்ற சாலை அவர் பெயரால் ஏற்பட்டதே. ஜூலையில் சென்னைக்கு வந்தவரைக் காலரா பிடித்தது. ஆகஸ்டு 2-ஆம் தேதி இறந்தார். கோட்டைக்குள் உள்ள மாதா கோவிலில் அடக்கம் செய்தார்கள்.

வருமான வரிச் சட்டம் ஜூலை 24-ஆம் தேதி நிறைவேறியது. இன்றும் அந்த நாளைத்தான் வருமான வரி நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் சட்டத்தைக் கொண்டுவந்த வில்சன் மூன்று வாரம் கூட இருக்கவில்லை. சீதபேதி கண்டு, ஆகஸ்டு 11-ஆம் தேதி கல்கத்தாவில் காலமானார்.

அடுத்த ஆண்டு, 1861-இல், சென்னை ராஜதானிக்குச் சட்டம் செய்யும் உரிமை திரும்பவும் கிடைத்தது. லட்சுமிநரசு செட்டியார் பின்னர் சென்னைச் சட்ட சபையில் அங்கத்தினராகவே அமர்ந்தார்.

டிரெவெல்யன் என்ன ஆனார்? 1862-இல் மறுபடி அழைப்பு வந்தது. எந்தப் பதவிக்கு? வில்சன் இருந்த அதே நிதி மெம்பர் பதவிக்கு! நியமித்த மந்திரி யார்? அவரை வீட்டுக்கு அனுப்பிய அதே சார்லஸ் உட்!

வேண்டாம் என்று எதிர்த்த வரியின் சாவி இப்போது அவர் கையில். 1863-இல் நூற்றுக்கு 4 என்பதை 3 ஆகக் குறைத்தார். ஐந்து வருஷக் கெடு முடிந்ததும் 1865-இல் வருமான வரி நின்றது.

ஆனால் வரி சாகவில்லை. வேறு வேறு வேஷத்தில் வந்து போய், 1886-இல் நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது. அதே 1886-இல் டிரெவெல்யன் கண்ணை மூடினார்.

பத்திரிகையில் போட்ட சண்டையால் அவரால் வரியை நிறுத்த முடியவில்லை. முறையான நாற்காலியில் அமர்ந்தபோது, அதிகச் சத்தமில்லாமல் குறைத்தார். இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

இன்றைக்கு என்ன?

வெள்ளைக்காரன் போனான். சட்ட சபையும் பார்லிமெண்டும் மக்கள் ஓட்டுப் போட்டு ஏற்படுத்தியவை. வரி போடுகிறவர்களை மாற்றும் சக்தி வரி கட்டுகிறவர்கள் கையில் இருக்கிறது.

ஆகவே ஓர் அதிகாரிக்கு அன்று இல்லாத கடமை இன்று உண்டு. மந்திரி தப்புச் செய்தால் பைலில் தைரியமாக எழுத வேண்டும். "ஐயா, இது சட்டத்துக்கு விரோதம்" என்று கையெழுத்துப் போட்டு எழுத வேண்டும். எழுதியும் கேட்கவில்லை, மனச்சாட்சி உறுத்துகிறது என்றால் பதவியை விட்டு வெளியே வந்து ஊரறியப் பேசலாம். பதவியும் வேண்டும், பகலில் சலாமும் போட வேண்டும், ராத்திரியில் நிருபரைக் கூப்பிட்டுக் காதைக் கடிக்கவும் வேண்டும் என்பது ஆண்மைக்கு அழகல்ல.

லஞ்சத்தையும் கொலைபாதகத்தையும் வெளிப்படுத்துகிறவர் விஷயம் வேறு. வீடு பற்றி எரியும்போது முறையான வாசல் எது என்று யாரும் தேடுவதில்லை. அப்படிப்பட்டவரைக் காப்பாற்றுவது சமூகத்தின் கடமை. இங்கே பேச்சு, கருத்து வேற்றுமையையும் அதிகாரப் போட்டியையும் பற்றியது.

அரசாங்கத்துக்கும் கடமை உண்டு. உள்ளே பேச இடம் கொடுத்தால் வெளியே கசியாது. கதவை இறுக்கிச் சாத்தினால் சுவர் வெடிக்கும். கல்கத்தாக் கனவான்கள் இதை உணரவில்லை.

தமிழ்நாடு இதில் முன்னோடி. சர்க்கார் காகிதத்தைப் பொதுமக்கள் கேட்டுப் பெறும் உரிமைக்கு 1997-இலேயே இங்கே சட்டம் செய்தார்கள். நாடு முழுவதற்குமான தகவல் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. 10 ரூபாய் கட்டி மனுப் போட்டால் பதில் சொல்லியாக வேண்டும். டிரெவெல்யன் பதவியைப் பணயம் வைத்து வெளியிட்ட ரகம் காகிதத்தை இன்று கூலிக்காரர் ஒருவர் கேட்டு வாங்கலாம். அதைப் பயன்படுத்துகிறோமா என்பதுதான் கேள்வி.

படிக்கிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. "உயர் அதிகாரிகள் மோதல்" என்று கொட்டை எழுத்தில் செய்தி வந்தால் சுவையாகத்தான் இருக்கும். படித்து முடித்ததும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தச் செய்தியைக் கொடுத்தவருக்கு இதில் என்ன லாபம்? அவர் சொல்லுகிற விஷயத்தில் எவ்வளவு உண்மை? இந்தச் சண்டையால் யார் வயிற்றில் அடி விழுகிறது?

யானைகள் மோதினால் மிதிபடுவது புல்தான். எந்த யானை ஜெயித்தது என்று கைதட்டுவதைவிட, புல்லின் கதி என்ன என்று பார்ப்பது நல்லது. ஏனென்றால், அந்தப் புல் நாம்தான்.